நம்மைப் பார்க்காத ஆசிரியர்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. உடற்பயிற்சி நிலையங்களும் நடன வகுப்புகளும் மூடப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் வசித்தவர்களுக்கு வரவேற்பறையே திடலாயிற்று. திறன்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, திரையில் தெரிந்தவரைப் பார்த்துக் கைகால்களை அசைக்கப் பலரும் பழகிக்கொண்டனர். ஆணை விலகிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வேலை முடிந்து, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து வீடு வந்து சேர்ந்தவருக்கு மறுபடியும் உடற்பயிற்சி நிலையத்திற்குப் புறப்பட மனம் வருமா? காணொலிக்குப் பயணம் தேவையில்லை. பெரும்பாலும் கட்டணமும் தேவையில்லை.

இணையத்தில் கிடைக்கும் இத்தகைய காணொலிகளுள் ‘பார்’ பயிற்சிக் காணொலிகளும் அடங்கும். ‘பார்’ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த பெயர். பாலே நடனக் கூடங்களில் சுவரையொட்டி, இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும் கைப்பிடிக் கம்பியையே அது குறிக்கும். தமிழில் ‘பார்’ என்றால் ‘காண்’ என்று பொருள். இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல்தான். ஆயினும், இந்தப் பயிற்சியில் யார் யாரைப் பார்க்கிறார் என்பது உண்மையிலேயே முக்கியமான கேள்வியாகும்.

இப்பயிற்சியை உருவாக்கியவர் லோட்டே பெர்க் என்னும் நடனமணி. இவர் 1913ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். முதுகில் ஏற்பட்ட காயத்திலிருந்து மீள, தாம் அறிந்த பாலே கம்பிப் பயிற்சிகளையும் மருத்துவ நோக்கிலான உடற்பயிற்சிகளையும் இணைத்துப் பார்த்தார். அதன் பயனாக 1959ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் தமது பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். 1970களின் தொடக்கத்தில் அவருடைய மாணவி ஒருவர் அதே முறையை நியூயார்க்கிற்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. அந்த நிலவறையில் ஆசிரியர் கைக்கெட்டும் தொலைவில் நின்று, ஒவ்வொருவரின் இடுப்பையும் முதுகையும் திருத்தினார். காணொலியில் அந்தத் திருத்தும் கை இல்லை.

பார் பயிற்சியில் ஓட்டமும் குதியும் அரிது. ஒரு கையால் பிடிமானத்தைப் பற்றிக்கொண்டு, முழங்கால்களைச் சற்று மடக்கி, குதிகால்களை உயர்த்தி, அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். பின்னர் ஓர் அங்குல அளவே மேலும் கீழும் அசைய வேண்டும். பார்ப்பதற்கு எளிது. ஒரு நிமிடம் நின்று பார்த்தால்தான் தொடை நடுங்குவது தெரியும். ஒரே நிலையில் நீண்ட நேரம் சுமை தாங்குவதால் தசைகள் விரைவில் களைப்படைகின்றன. அதுவே அந்நடுக்கத்திற்குக் காரணம். அசைவு சிறிதாக இருப்பதால் பிழையும் சிறிதாகவே இருக்கும். அதனால் அது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆனால், ஐம்பது அறுபது முறை திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்தச் சிறு பிழையின் சுமையை முழங்காலும் முதுகும் தாங்க வேண்டியிருக்கும்.

பரதநாட்டியம் பயிலும் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் பெர்ஹாலாவில் அமைந்துள்ள நுண்கலை ஆலயம், 1981ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த சரஸ்வதியால் தொடங்கப்பட்டது. அங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற நடன வகுப்புகளிலும் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் நிலை அரைமண்டி. பாதங்கள் இருபுறமும் திரும்பியிருக்க, முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கியிருக்க, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பாலே கலையில் ‘பிளியே’ எனப்படும் நிலையும் இதற்கு நெருங்கிய உறவுடையதே. இரண்டிலும் விதி ஒன்றுதான்: கால்விரல்கள் எத்திசையை நோக்குகின்றனவோ அத்திசையிலேயே முழங்காலும் செல்ல வேண்டும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பும் அளவை மீறிப் பாதங்களை மட்டும் அகலத் திருப்பினால் முழங்கால் முறுக்கப்படும். மாணவரின் முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்த கணமே நடன ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டுவதை நிறுத்திவிட்டு, “முட்டியைத் திற” என்பார். திரையில் இருப்பவரோ, நம் முழங்கால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புன்னகை மாறாமல் அடுத்த அசைவுக்குப் போய்விடுவார்.

எனவே, நம்மைப் பார்க்க இயலாத குறையைச் சொற்களால் ஈடுசெய்யும் ஆசிரியரே நமக்குத் தேவை. அவரைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. காணொலியை ஓடவிட்டு, இரண்டு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். குரலை மட்டும் கேட்டே என்ன செய்வது என்று விளங்குகிறதா? “இன்னும் பத்து, விடாதீர்கள்” என்று உற்சாகமூட்டுவது மட்டும் போதாது. முழங்கால் எங்கே இருக்க வேண்டும், எடை எந்தக் காலில் இருக்க வேண்டும், எந்தத் தசையில் களைப்பு தெரிய வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். பிடிமானத்தைப் பற்றியபடி பக்கவாட்டில் நிற்கும்போது திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கழுத்து திருகிக்கொள்ளும். ஆகவே, காதால் பின்பற்றத் தக்க காணொலியே இப்பயிற்சிக்கு ஏற்றது.

அடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். தலை முதல் பாதம் வரை தெரிகிறதா? முகத்தையும் ஒளிரும் அறையையும் அழகாகக் காட்டிவிட்டுப் பாதத்தைக் காட்டாத காணொலிகள் ஏராளம். படப்பிடிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவற்றால் கற்பவருக்குப் பயனில்லை. உடலைச் சூடேற்றும் பகுதி தொடக்கத்திலும், தசைகளைத் தளர்த்தும் பகுதி இறுதியிலும் இருக்கின்றனவா என்பதையும் கவனிக்கலாம். கடினமான அசைவுக்கு எளிய மாற்றைக் காட்டுபவர், திரைக்கு அப்பால் பலதரப்பட்ட உடல்கள் இருப்பதை நினைவில் வைத்திருப்பவர். அவரை நம்பலாம். பார்வையாளர் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்வது சரியன்று. பத்து இலட்சம் என்னும் எண், அந்தக் காணொலி எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதையே காட்டும். எத்தனை பேர் அதை இறுதிவரை பிழையின்றிச் செய்தனர் என்பதைக் காட்டாது.

வீட்டில் கம்பிக்கு மாற்றாகக் கனமான மர நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொள்ளலாம். நாற்காலியைச் சுவரை ஒட்டி நிறுத்துவது நல்லது. நம் வீடுகளில் அதிகம் புழங்கும் நெகிழி நாற்காலி இதற்கு உதவாது. சற்றுச் சாய்ந்தாலே அதுவும் நம்மோடு சேர்ந்து சாயும். சமையல் மேடையின் விளிம்பு இன்னும் உறுதியானது, அடுப்பு அணைந்திருந்தால். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. வழவழப்பான தரைக்கல்லில் காலுறையோடு நிற்பது ஆபத்து. வெறுங்காலோடு செய்யலாம், தரை துடைத்த ஈரம் காய்ந்த பிறகு செய்யலாம். குதித்து ஆடும் பயிற்சிகளைப் போலக் கீழ்மாடிக்காரரின் தூக்கத்தை இது கெடுப்பதில்லை. அடுக்குமாடிவாசிகளுக்கு இது சிறிய நன்மையன்று.

காணொலிகளின் தலைப்புகளைப் பற்றியும் கூற வேண்டும். ‘ஏழே நாளில் வயிறு குறையும்’, ‘நீண்ட, மெலிந்த தசைகள்’ போன்ற வாக்குறுதிகள் இளையோரை எளிதில் ஈர்க்கின்றன. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை வலுப்பெறும். ஆனால், உடல் தன் கொழுப்பை அந்த ஓரிடத்திலிருந்து மட்டும் எடுத்துச் செலவிடுவதில்லை. தசையின் நீளமோ அது எலும்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது. எந்தக் காணொலியும் அந்த இடங்களை மாற்றப் போவதில்லை. திரையில் தோன்றும் பயிற்றுநர்களுள் சிலர் சிறு வயதிலிருந்தே பாலே ஆடி வருபவர்கள். அவர்களுடைய உடலமைப்புக்கு அந்த இருபது நிமிடக் காணொலி காரணமன்று. பதினைந்து வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வயதில் கண்ணாடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து மனம் வருந்தி, உணவைக் குறைக்கத் தொடங்கும் மாணவர்கள் உண்டு. உடலைக் குறை கூறி உற்சாகமூட்டும் காணொலியை, அதன் பயிற்சிகள் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும், ஒதுக்கிவிடுவதே சரி.

இன்னொரு வரையறையும் உண்டு. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், தசைகளையும் எலும்புகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை வாரத்தில் 3 நாளேனும் செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. பார் பயிற்சி இவற்றுள் தசையை வலுப்படுத்தும் பகுதிக்கு உதவும். மூச்சு வாங்க ஓடுவதற்கும் பந்து விளையாடுவதற்கும் அது ஈடாகாது. மலேசியாவில் பெரியவர்களுள் நால்வரில் ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாதவர் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. அம்மாவோ பாட்டியோ மாணவரோடு சேர்ந்து நாற்காலியைப் பற்றி நிற்க விரும்பினால், பத்து நிமிடத் தொடக்கநிலைக் காணொலியே போதுமானது. நாளுக்கொரு புதிய காணொலியைத் தேடுவதைவிட, நல்லதாகத் தேர்ந்தெடுத்த ஒன்றையே சில வாரம் செய்வது மேல். முதல் முறை உட்கார்ந்தே முழுவதும் பார்த்துவிடலாம். இரண்டு வாரம் கழித்து, பக்கவாட்டிலிருந்து தம்மைத் தாமே திறன்பேசியில் பதிவு செய்து, முழங்காலும் முதுகும் பயிற்றுநர் சொன்ன இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பயிற்சியின்போது தொடை நடுங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. சற்று ஓய்வெடுத்துத் தொடரலாம். முழங்காலில் குத்துவது போன்ற வலியோ, முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் காணொலியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வலி மறுநாளும் நீடித்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எந்த அசைவைச் செய்தபோது வலித்தது என்பதை அவரிடம் நின்று செய்து காட்டினால், காரணத்தைக் கண்டறிய அவருக்கும் எளிதாக இருக்கும்.