செயலி வழுவும் செப்பு வழுவும்

கணினித் துறையினர் 'பக்' என்று வழங்கும் பிழையைத் தமிழில் 'வழு' என்று எழுதும் வழக்கு இன்று மென்பொருள் ஆர்வலரிடையே நிலைபெற்றுவிட்டது. இச்சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் அவர் இலக்கணம் பயின்றவராகவே இருத்தல் வேண்டும். வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றும் நம் மாணவர்கள் முதலாமாண்டிலேயே கற்பவை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பது நன்னூல் பொதுவியல் தரும் செய்தி. தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகும் இப்பகுதி, கைப்பேசியும் செயலியும் நம்மை அலைக்கழிக்கும் இந்நாளில் எத்துணைப் பயன்படுகிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

இவ்வாராய்ச்சியில் நம்மை ஈடுபடுத்தியது ஒரு நிகழ்ச்சி. அணைக்கட்டு வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் துறைக்கு வந்து இரண்டாமாண்டு பயிலும் மாணவி ஒருவர், உதவித்தொகைக்குச் செயலி வழியே விண்ணப்பித்தார். அவர் பெயர் ஃபகர ஒலியில் தொடங்குவது. பள்ளிச் சான்றிதழில் அஃது ஆய்தத்துடன் உள்ளது. வங்கிக் கணக்கேட்டில் ஆய்தம் இல்லை. விளைவு, ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் 'எஃப்' என்றும் மற்றோரிடத்தில் 'பி' என்றும் பெயர் தொடங்குகிறது. 'பெயர் பொருந்தவில்லை' என்று செயலி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. திருத்தலாம் என்று முயன்றால் ஒருமுறைக் கடவுச்சொல் தாயாரின் கைப்பேசிக்குச் செல்கிறது. தாயாரோ ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்கூடம் ஒன்றில் தையற்பிரிவில் இருக்கிறார். பணிநேரத்தில் கைப்பேசி பையிலே பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அவர் உணவு இடைவேளையில் எடுத்துப் பார்க்குமுன் கடவுச்சொல் காலாவதியாகிவிடும். இறுதி நாளுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. உதவி மையத்தோடு நாம் நடத்திய எழுத்துப் போரே இக்கட்டுரையின் மூலம்.

விடையும் வழுவும்

விடை எட்டு வகைப்படும் என்பர். வழி யாது என்றவனுக்கு 'இது' என்பது சுட்டு. செய்வாயா என்றவனுக்குச் 'செய்யேன்' என்பது மறை. 'செய்வேன்' என்பது நேர். இம்மூன்றும் நேரிய விடைகள். ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஏனைய ஐந்தும் நேரிய விடைகள் அல்ல. ஆயினும் இலக்கணம் அவற்றை ஏற்கிறது. ஏன் ஏற்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. 'இதனைச் செய்வாயா?' என்றவனுக்கு 'உடம்பு நோகிறது' என்றால், செய்யேன் என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கிறது. கேட்டவன் தனக்குரிய விடையைப் பெற்றுவிடுகிறான். அக்கருத்து உள்ளடங்காவிடின் அது விடையே ஆகாது. இறைவழு, அஃதாவது செப்பு வழு ஆகும். ஊருக்கு வழி கேட்டவனிடம் நூல் விற்கும் அளவைச் சொல்வதனை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர்.

இனி, உதவி மையம் நமக்கு அளித்த விடைகளை வகைப்படுத்துவோம். நாம் கேட்டது ஒன்றே: 'ஒருவர் பெயர் இரு ஆவணங்களில் ஓரெழுத்து வேறுபட்டிருப்பின் எங்கே, எவ்வாறு திருத்துவது?' முதல் நாள் வந்த விடை, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறு கூறியது. இஃது ஏவல் விடை. நீயே செய் என்பது கருத்து. அவ்வாறே செய்தோம், இருந்த வரைவும் அழிந்தது. மறுநாள் வந்தது, தங்கள் பதிவெண் யாது என்னும் வினாவெதிர் வினா. பதிவெண்ணை முதல் மடலிலேயே குறித்திருந்தோம்! அதற்கு அடுத்து வந்தது, சேவையகத்தில் பராமரிப்புப் பணி நடைபெற்றது என்னும் உற்றது உரைத்தல். பின்னர், 48 மணி நேரத்திற்குள் தொடர்பு கொள்வோம் என்னும் உறுவது கூறல். ஐந்தாம் விடைதான் நகைப்பிற்குரியது. பெயர் திருத்தம் பற்றிக் கேட்ட நமக்குக் கடவுச்சொல்லை மாற்றும் முறையைப் படங்களுடன் விளக்கி அனுப்பினர். ஆடுவாயா என்றவனுக்குப் பாடுவேன் என்னும் இனமொழி விடை இதுவேயாம். பவணந்தியார் வகுத்த ஐந்து வகைகளுக்கும் ஒரே வாரத்தில் எடுத்துக்காட்டுக் கிடைத்த பேறு வேறு எந்த ஆசிரியருக்கும் வாய்த்திராது.

ஆனால் இவை விடைகளா? ஆடுவாயா என்பதற்குப் பாடுவேன் என்றால் ஆடமாட்டேன் என்பது புலப்படும். கடவுச்சொல்லை மாற்றும் முறையிலிருந்து நமக்குப் புலப்பட்டது யாது? திருத்த இயலும் என்பதா, இயலாது என்பதா? இரண்டும் இல்லை. வடிவத்தால் விடையாகவும் பொருளால் வழுவாகவும் உள்ள இக்கூற்றுக்களை அடையாளம் காணும் கருவி நன்னூலில் இருக்கிறது. இதில் உடன்பாடோ மறையோ அடங்கியுள்ளதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். இல்லையெனின் அதனை விடையாக ஏற்று அமைதல் கூடாது. 'எம் வினாவிற்கு விடை வரவில்லை' என்று அதே பதிவெண்ணின் கீழ் மீண்டும் எழுதுதல் வேண்டும். பெரும்பாலோர் இவ்விடத்தில்தான் சோர்ந்து விடுகின்றனர்.

நம் பக்கத்து வழுவையும் மறைத்தல் நேர்மையன்று. ஒரு விரலை மட்டும் காட்டி இது நெடிதோ குறிதோ என்று கேட்பது வினா வழு. எதனோடு ஒப்பிட்டு நெடிது, குறிது என்பது? 'செயலி வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்' என்று நம் மாணவர்கள் எழுதும் முறையீடுகள் இந்த ஒற்றை விரலைப் போன்றவையே. எந்தக் கைப்பேசி, செயலியின் எந்தப் பதிப்பு, எந்நாள் எந்நேரம், எதனை அழுத்தினோம், எது வரவேண்டும், எது வந்தது என்பனவற்றைக் கூறித் திரைப்படியையும் இணைத்தாலன்றி மறுமுனையில் இருப்பவர், அவர் நல்லெண்ணம் உடையவராயினும், ஒன்றும் செய்ய இயலாது. நாம் அனுப்பிய முதல் மடலும் அத்தகையதே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

எழுத்து எத்தனை?

பெயர் சிதைவதற்கு மற்றொரு காரணம் உண்டு. அஃது எழுத்ததிகாரத்தைச் சார்ந்தது. 'முகம்மது இஸ்மாயில்' என்னும் பெயரில் எத்தனை எழுத்து? நம் கணக்கில் பத்து. கணினியின் கணக்கில் பதினேழு. இடைவெளியையும் சேர்த்தால் பதினெட்டு. உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியில் ககரம் ஒரு குறி, அதன் மேற்புள்ளி மற்றொரு குறி. 'மா' என்பதில் மகரம் ஒன்று, கால் ஒன்று. ஆகவே விண்ணப்பத்தில் பெயருக்குப் பதினைந்து இடங்களை மட்டும் ஒதுக்கியவர், பதினைந்து எழுத்துக்கள் தாராளம் என்று எண்ணியிருப்பார். பெயரோ 'முகம்மது இஸ்மாய' என்று நின்றுவிடும். குறுஞ்செய்தியிலும் இதே நிலை. ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறிகளோடு முடிந்துவிடுகிறது.

இதன் வரலாறு சற்று நீண்டது. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோது, இந்திய மொழிகளனைத்திற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட 'இஸ்கி' குறியாக்கத்தின் அமைப்பைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட கட்டம் ஒதுக்கப்பட்டது. அம்முறையில் அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. மெய்யெழுத்து அதனோடு புள்ளி சேர்வதால் பிறப்பது. தமிழ் மரபிலோ மெய்யே முதலெழுத்து. உயிர்மெய் அதன்பின் தோன்றுவது. தொல்காப்பியர் கருத்துப்படி முதலெழுத்தாகிய 'க்' கணினியில் இரண்டு குறிகளையும், கூட்டெழுத்தாகிய 'க' ஒரே குறியையும் பெறுவது தலைகீழ் நிலை என்று தமிழறிஞர் பலர் வாதிட்டனர். எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் 'டேஸ் 16' என்னும் முறை உருவானதற்கு இவ்வாதமும் ஒரு காரணம். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் கைப்பேசிகள் ஒருங்குறியையே பேசுகின்றன. அதனைக் குறையென்று மட்டும் கூறுவதற்கில்லை. ஒருங்குறி இல்லையேல் ஓரிடத்தில் எழுதியதை வேறிடத்தில் படிக்கவே இயலாது. இம்மலருக்கு வந்த கட்டுரைகளுள் ஒன்று பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, கைப்பேசியில் திறந்தபோது முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியதை மலர்க்குழுவினர் மறந்திருக்க மாட்டார்கள்.

செயலிகளின் தமிழில் பால்வழுவும் புணர்ச்சி வழுவும் மலிந்து கிடப்பதற்குக் காரணம் எளிது. ஆங்கிலத் தொடரில் கோடிட்ட இடத்தில் ஊர்ப்பெயரைப் பொருத்துவது போலத் தமிழிலும் பொருத்துகின்றனர். 'அணைக்கட்டு இல் மழை' என்று திரையில் வருகிறது. குற்றியலுகரம் கெட்டு 'அணைக்கட்டில்' என்றாகும் என்பதைத் தொடரை அமைத்தவர்க்குச் சொல்வார் இல்லை. '1 புதிய செய்திகள் உள்ளது' என்பதைப் பற்றிக் கூறவே வேண்டா.

ஒரு பெயர், பல வடிவம்

இசுலாமியப் பெயர்களைத் தமிழில் எழுதுவதில் இருவேறு மரபுகள் நெடுங்காலமாக நிலவுகின்றன. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமா என்றும் உமறு என்றும் தமிழோசைக்கு இயைய எழுதினார். இன்று ஃபாத்திமா என்றும் உமர் என்றும் அரபொலிக்கு நெருக்கமாக எழுதுவோர் பலர். தமிழ் படிப்போர்க்கு இவ்விரண்டும் ஒன்றே. கணினிக்கோ ஒரு குறி வேறுபட்டாலும் ஆள் வேறு. ஆங்கிலத்திற்குப் பெயர்க்கும்போது பகரத்திற்கு நேராக ஓர் எழுத்தை மட்டும் வைத்த எந்திரம், பாத்திமாவைப் பகர ஒலியினராகவே மாற்றிவிடுகிறது. இது பெயருடையவரின் பிழையன்று. எழுதிக்கொடுத்த தலைமையாசிரியரின் பிழையுமன்று. இரண்டு வடிவங்களும் வழாநிலையே. ஆயினும் 'பெயர் தவறு' என்னும் சொல்லைத் திரையில் கண்ட அந்த மாணவி, தம் தந்தையார் தவறாக எழுதிக்கொடுத்துவிட்டார் என்றே முதலில் எண்ணினார். வீட்டில் அதனால் சிறு பூசலும் நேர்ந்ததாம். பயன்படுத்துவோர் தம்மைத் தாமே குற்றவாளி என்று கருதும்படி எழுதப்பட்ட அறிவிப்புக்கள்தாம் இத்துறையின் பெருங்குறை என்பது நம் துணிபு.

உமர் என்னும் பெயர் வந்தமையால் மற்றோர் உமரையும் ஈண்டு நினைத்தல் தகும். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி அவர்கள் 2006இல் மறைந்தார். விண்டோஸ் 98 இயங்கிய கணினிகளில் ஒருங்குறித் தமிழ் வெறுங்கட்டங்களாகத் தெரிந்த காலம் ஒன்றிருந்தது. அந்நாளில் இணையப் பக்கத்தோடு தானே இறங்கிவந்து எழுத்தைக் காட்டும் 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவை அவர் உருவாக்கினார். எழுத்து மாற்றிகளையும் ஆக்கினார். அனைத்தையும் விலையின்றி வழங்கினார். நிறுவனங்கள் விடையளிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

நிறுவனங்கள் விரைந்து செயற்படுவதும் உண்டு. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்துச் சேர்க்கை ஒன்று செய்தியாக வந்தவுடன் ஐஃபோன்களில் செயலிகள் செயலிழந்தன. செய்தி உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் ஆப்பிள் நிறுவனம் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. வழு இந்திய எழுத்தில் இருந்தது. துன்பமோ எல்லா நாட்டாருக்கும் பொதுவாயிற்று. 'அணைக்கட்டு இல்' என்பதனால் நியூயார்க்கில் யாருடைய கைப்பேசியும் நின்றுவிடுவதில்லை. ஆதலின் அது நின்றபடியே நிற்கிறது.

மாணவியின் செய்திக்கு வருவோம். ஏழாம் நாள் தாயார் ஒருநாள் கூலியை இழந்து விடுப்பெடுத்தார். மகளுடன் பேருந்தேறி வேலூர் சென்று வங்கிக் கிளையில் பள்ளிச் சான்றிதழைக் காட்டினார். அங்கிருந்த எழுத்தர் அதனை ஒருமுறை படித்துப் பார்த்தார். வேறொன்றும் வினவாமல் ஒரு படிவத்தை நிரப்பச் செய்தார். கால் மணி நேரத்தில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வங்கிப் பதிவு இரண்டு நாட்களில் மாறியது. இறுதி நாளன்று மாலை, தாயாரின் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மாணவி விண்ணப்பத்தை நிறைவு செய்தார். உதவி மையத்திடமிருந்து அதற்கடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. எங்கள் சேவை தங்களுக்கு மனநிறைவளித்ததா, ஐந்து விண்மீன்களுள் எத்தனை தருவீர்கள் என்பது அதன் வினா.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நம் துறையில் 'வழு ஏடு' என்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். செயலிகளாலும் இணையப் படிவங்களாலும் இடர்ப்படும் மாணவர்கள் நாள், நேரம், திரையில் கண்ட தொடர், அனுப்பிய வினா, வந்த விடை, அவ்விடை எட்டனுள் எவ்வகை என்பனவற்றை அதில் எழுதுகின்றனர். வினாவைத் திருத்தி எழுதும் பயிற்சி வெள்ளிக்கிழமை தொழுகை இடைவேளைக்குப் பின் நடைபெறுகிறது. பிற துறை மாணவரும் வருகின்றனர். ஏட்டின் முதற்பக்கம் அம்மாணவியுடையது. தம் பெயரை எவ்வாறு எழுதுவது என்று கேட்டார். விருப்பம் போல் எழுதலாம் என்றோம். ஆய்தத்துடன் எழுதினார்.