கொழுந்துக் கணக்கில் ஒரு சராசரி வரி



குருவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா எங்களிடம் சொன்னார்: "ஐயா, எனக்கு கிலோ கொறஞ்சுகிட்டே போகுது. மழைன்னு நெனைச்சேன். கங்காணி சோம்பல்னு சொல்றாரு." இரண்டில் எது சரி? வாய்ப்பேச்சில் தீராது. கணக்குப் பார்த்தால் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறிப்பு வேண்டும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் திகதி, மலை நம்பர், கழிவு போக நின்ற கிலோ ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மாத முடிவில் மொத்தக் கிலோவை வேலை செய்த நாட்களால் பிரியுங்கள். அக்காவின் கணக்கு இப்படி இருந்தது:

ஏப்ரல்: 18 நாள், 324 கிலோ. சராசரி 18.
மே: 20 நாள், 340 கிலோ. சராசரி 17.
ஜூன்: 15 நாள், 225 கிலோ. சராசரி 15.
ஜூலை: 16 நாள், 208 கிலோ. சராசரி 13.

இதை மட்டும் பார்த்தால் இறங்குமுகம்தான் தெரியும். ஏன் இறங்கியது என்று தெரியாது. அதற்குத்தான் குழுச் சராசரி. அதே குழுவில், அதே மலையில் எடுத்த எல்லாருடைய கிலோவையும் கூட்டி, எல்லாருடைய நாட்களையும் கூட்டி, முன்னதைப் பின்னதால் பிரித்தோம். ஏப்ரல் 19, மே 18, ஜூன் 16, ஜூலை 18 என்று வந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஜூன் வரை அக்கா குழுவைவிட ஒரு கிலோதான் குறைவு. ஜூனில் எல்லாருக்குமே இறங்கியது, அது மழை. ஜூலையில் குழு ஏறியது, அக்கா மட்டும் இறங்கினார். வித்தியாசம் 5 கிலோ. மழையும் இல்லை, மலையும் இல்லை. அப்படியானால் ஆளைக் கவனிக்க வேண்டும். விசாரித்தபோது ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றார். இரத்தம் சோதித்துப் பார்த்ததில் இரத்தசோகை. சோம்பல் இல்லை!

கணினியில் இதைச் செய்வது சுலபம். விரிதாளில் மாதங்களை மேலே நிரல்களாகவும், பெயர்களை நிரைகளாகவும் போடுங்கள். கிலோவுக்கு ஒரு தாள், நாட்களுக்கு ஒரு தாள், நாளொன்றுக்கான சராசரிக்கு ஒரு தாள். சராசரித் தாளின் கடைசி நிரையில் "குழுச் சராசரி" என்று எழுதுங்கள். பிறகு மாதங்கள் உள்ள நிரை, ஒருவரின் நிரை, குழுச் சராசரி நிரை ஆகிய மூன்றை மட்டும் தெரிவு செய்து கோட்டு வரைபு கேளுங்கள். இரண்டு கோடுகள் வரும். கோடுகள் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதுதான் பாடம்.

நான்கு இடத்தில் பிழை வரும், கவனம்.

1. சராசரிகளுக்குச் சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் 20 நாளில் 360 கிலோ, சராசரி 18. இன்னொருவர் 5 நாளில் 40 கிலோ, சராசரி 8. 18-ஐயும் 8-ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 13. ஆனால் 400 கிலோவை 25 நாளால் பிரித்தால் 16. சரியான விடை 16தான்.

2. வேலைக்குப் போகாத நாளுக்குப் பூச்சியம் போடாதீர்கள். 'ஆவரேஜ்' கட்டளை வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும். பூச்சியத்தையோ ஒரு நாளாக எண்ணிவிடும். அரைப்பேர் என்றால் நாளை அரை என்று எழுதுங்கள்.

3. புதிதாக ஒரு பெயர் சேர்த்தால், அது கூட்டலுக்குள் வந்ததா என்று பாருங்கள். சராசரி நிரையே கூட்டலுக்குள் புகுந்துவிடவும் கூடாது.

4. அசாதாரண மாதத்தைக் குறித்து வையுங்கள். 2017 மே மாதக் கடைசியில் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் தாக்கியதை மறந்திருக்க மாட்டோம். அப்படியான மாதத்தோடு மற்ற வருட மே மாதத்தை ஒப்பிட்டால் கணக்கு ஏமாற்றும். கவ்வாத்து வெட்டிய மலையும் அப்படித்தான்.

கணினி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். கட்டம் போட்ட கொப்பித் தாளும் இரண்டு நிறப் பேனாவும் போதும். பிள்ளைக் காம்பராவில் குழந்தையின் நிறையைப் புள்ளி வைத்து, அச்சிட்ட கோட்டோடு ஒப்பிடுகிறோமே, அதே வழிதான் இது.

அந்த அக்கா இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறார். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் குறைத்துவிடும். தேயிலை பறிக்கும் நமக்கே இது தெரியாமல் போகலாமா?

வருகிற முதலாம் திகதி கொப்பியைத் தொடங்குங்கள். மூன்று மாதக் குறிப்போடு எங்களிடம் வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே கோடு போடுவோம்.