கேள்வி கேட்டால் போதுமா? விடையை எண்ணிப் பார்த்தோமா?

“இது கணிப்பொறி யுகம்” என்று பேச்சுப் போட்டிகளில் நாம் அடிக்கடி முழங்குகிறோம். ஆனால் கணிப்பொறிக்குள் இருக்கும் ஒரு பட்டியலை வெளியே எடுத்து, யாவரும் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகத் தா என்றால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தவள்தான். சென்ற ஆண்டு எங்கள் நூலகப் பொறுப்பாளரான அருட்சகோதரி, ஏழாவது அலமாரியின் நூற்பட்டியலைக் கேட்டபோது, “ஐந்தே நிமிடத்தில் தருகிறேன் சிஸ்டர்” என்றேன். மூன்று நாட்கள் ஆயின. அந்த மூன்று நாட்களில் கற்றதைத் தோழியருக்குக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தரவுத்தளம் என்பது நம் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் போன்றது. குறுக்கே செல்வது வரிசை, நெடுக்கே செல்வது பத்தி. விவரங்களை இவ்வாறு அட்டவணைகளாக வைத்து ஆளலாம் என்ற கருத்தை 1970-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். அவரைப் பின்பற்றி அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் அட்டவணையிடம் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு மொழியை வகுத்தனர். அதுவே இன்று எஸ்கியூஎல் எனப்படுகிறது.

இம்மொழியில் நான் கேட்ட கேள்வி இதுதான்: “செலக்ட் எண், தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன் ஃப்ரம் நூல்கள் வேர் அலமாரி = 7 ஆர்டர் பை எண்”. கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கடைசியில் உள்ள “ஆர்டர் பை” என்பதை விட்டுவிட்டால் நூல்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. நேற்று வந்த வரிசையிலேயே இன்றும் வரும் என்று நம்பக் கூடாது.

கேள்வி கேட்டதும் விடை திரையில் ஓடிற்று. 312 நூல்கள். இனி அதைக் கோப்பில் எழுத வேண்டும். எங்கள் நூலகத்தில் இருப்பது எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தள மென்பொருள். அதில் “மோட்” என்னும் கட்டளையால் விடையின் வடிவத்தையும், “ஹெடர்ஸ்” என்னும் கட்டளையால் தலைப்பு வரியையும், “அவுட்புட்” என்னும் கட்டளையால் கோப்பின் பெயரையும் கூறவேண்டும். இக்கட்டளைகளுக்கு முன்னால் ஒரு புள்ளி இடுவது விதி. பிறகு கேள்வியைக் கேட்டால் விடை திரைக்கு வராமல் நேரே கோப்புக்குப் போய்விடும். இங்கேதான் என் முதல் தவறு. “அவுட்புட்” என்று ஒருமுறை கூறிவிட்டால், அதை மாற்றும்வரை எல்லா விடைகளும் அந்தக் கோப்புக்கே போகும். நானோ வேறு பல கேள்விகளைக் கேட்டுவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லையே என்று இயந்திரத்தைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். அத்தனை விடைகளும் நூற்பட்டியலின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தன! ஒரே ஒரு விடையை மட்டும் கோப்புக்கு அனுப்ப “ஒன்ஸ்” என்ற கட்டளை இருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மைஎஸ்கியூஎல் என்னும் பெரிய மென்பொருளில் “இன்ட்டு அவுட்ஃபைல்” என்று எழுதினால் கோப்பு உருவாகும். ஆனால் அது நம் மேசைமேல் உள்ள கணிப்பொறியில் அன்று, தரவுத்தளம் குடியிருக்கும் வழங்கிக் கணிப்பொறியில் உருவாகும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அதன்மேல் எழுத மறுத்துவிடும். பழையதை அழிக்காமல் காப்பதால் அந்த மறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது காற்புள்ளிக்கு வருவோம். அட்டவணையில் பத்திகளுக்கு நடுவே கோடுகள் உண்டு. எழுத்துக் கோப்பில் கோடு ஏது? ஆகவே ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையே ஒரு காற்புள்ளி இடுகிறார்கள். சிஎஸ்வி என்பது இவ்வகைக் கோப்பே. ஆனால் காற்புள்ளி விவரத்துக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? எங்கள் பட்டியலில் தேம்பாவணியின் ஆசிரியரான வீரமாமுனிவரின் பெயர், குடும்பப் பெயரை முதலில் வைத்து, “பெஸ்கி, கான்ஸ்டன்டைன் ஜோசப்” என்று பதிவாகி இருக்கிறது. அப்படியே எழுதினால் “பெஸ்கி” ஆசிரியராகிவிடுவார். “கான்ஸ்டன்டைன் ஜோசப்” ஐஎஸ்பிஎன் பத்தியில் போய் உட்கார்ந்துகொள்வார்! இதற்காக, காற்புள்ளி உள்ள விவரத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்கவேண்டும். அதற்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி வந்தால் அதை இரண்டு முறை எழுதவேண்டும். இந்த வழக்கத்தை 2005-ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 4180 என்னும் ஆவணத்தில் எழுதிவைத்தார்கள். விடையின் வடிவம் சிஎஸ்வி என்று கூறினால் மென்பொருளே இதைக் கவனித்துக்கொள்ளும். நான் முதலில் கூறவில்லை.

கோப்பு சரியாக இருந்தாலும் அதைத் திறக்கும்போது கெடுவதுண்டு. ஆங்கில நூல்கள் சிலவற்றின் பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் எண் பூஜ்யத்தில் தொடங்கும். விரிதாள் மென்பொருள் அதை வெறும் எண் என்று கருதி முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். இது நமக்கு மட்டும் நேரும் சங்கடம் அன்று. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சுருக்கப் பெயர் பெற்ற மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவினர் அப்பெயர்களையே ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்1’ என்று மாற்றி 2020-ல் அறிவித்தனர். மென்பொருளுக்காக அறிவியல் பெயர் மாறிற்று!

தமிழ் எழுத்துக்களுக்கு இன்னொரு தொல்லை. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. “அம்மா” என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள் உள்ளன. ஆக 15 பைட்டுகள். திறக்கும் மென்பொருள் வேறு முறையில் படித்தால் அம்மாவுக்குப் பதில் பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் வந்து நிற்கும். கோப்பை நேரே திறக்காமல், உள்ளே கொண்டுவரும் வழியில் சென்று யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்துக்கள் சரியாகும். பத்தியை “எழுத்து” வகை என்று அங்கேயே குறித்தால் பூஜ்யமும் பிழைக்கும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாத பிழை அதனினும் கொடியது. 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவிய காலத்தில் இங்கிலாந்தில் ஆய்வகங்கள் சோதனை முடிவுகளை எழுத்துக் கோப்புகளாகவே அனுப்பின. அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையினர் அவற்றை எக்செலின் பழைய வகைக் கோப்பில் சேர்த்தனர். அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒருவருடைய முடிவே பல வரிசைகளைப் பிடித்ததால் இடம் விரைவில் நிரம்பிற்று. மிஞ்சியவை உதிர்ந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை நோய் உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்குத் தம் முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி பல நாட்கள் தாமதமாயிற்று. அந்நாட்களில் எத்தனை வீடுகளில் பாட்டி தாத்தாக்கள் ஒன்றும் அறியாமல் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார்களோ!

இச்செய்தியைப் படித்த பிறகே என் கோப்பின் வரிகளை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று. நூல்கள் 312, தலைப்பு வரி ஒன்று. ஆக 313 வரிகள் இருக்க வேண்டும். இருந்தவையோ 319. குறைந்தால் பயப்படலாம், கூடியிருந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தரவுத்தளத்தில் நூல்களைப் பதிவு செய்தவர் ஆறு நூல்களுக்குத் தலைப்பை ஒரு வரியிலும் துணைத்தலைப்பை அடுத்த வரியிலுமாகத் தட்டியிருந்தார். அந்த வரி முறிவுகளும் கோப்புக்குள் வந்துவிட்டன. மேற்கோள் குறிக்குள் இருப்பதால் சிஎஸ்வி முறைப்படி அது பிழையன்று. ஆனால் வரிவரியாக அச்சிடும்போது துணைத்தலைப்புகள் தனி நூல்களைப் போலத் தோன்றின.

கோப்பில் அந்த ஆறு இடங்களையும் திருத்தப் போனேன். “கோப்பில் திருத்தினால் அடுத்த முறை எடுக்கும்போது மறுபடியும் அதே பிழை வருமே, அம்மா” என்றார் சிஸ்டர். ஆகவே தரவுத்தளத்திலேயே ஆறு தலைப்புகளையும் ஒரே வரியாக்கி, மீண்டும் கேள்வி கேட்டு, மீண்டும் கோப்பில் எழுதி, மீண்டும் எண்ணினேன். 313. அதை அச்சிட்டு, சிஸ்டரும் நானும் ஏழாவது அலமாரியின் முன் நின்று ஒவ்வொரு நூலாகக் குறியிட்டோம். 309 நூல்கள் இருந்தன. மற்ற மூன்றும் இரவல் பதிவேட்டில் இல்லை. எடுத்துச் சென்ற தோழியர் யாராயினும் கொண்டுவந்து வைத்தால் சிஸ்டர் மகிழ்வார்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு