வேலையை விடலாமா?

முதலாளியின் கடுஞ்சொல், தேதி தப்பி வரும் சம்பளம், நாளுக்கொரு உத்தரவு. இவற்றால் மனம் நொந்து, "ஹஜ்ரத், வேலையை விட்டுவிடலாமா? பொறுத்துக்கொண்டு கிடப்பதுதான் ஸப்ரா?" என்று நம்மிடம் கேட்கும் சகோதரர்கள் பலர்.

திருமறையின் 28-வது அத்தியாயமான சூரத்துல் கஸஸைப் பாருங்கள். மத்யனில் நபி மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர், தவணை 8 ஆண்டுகள், 10 ஆக நிறைவு செய்வது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நாடவில்லை என்று முதலிலேயே தெளிவாகப் பேசிவிட்டார். மூஸா (அலை) அவர்களும் தவணையை நிறைவேற்றினார்கள். தெளிவும் இரக்கமும் முதலாளியின் கடமை. சொன்ன சொல் காப்பது ஊழியரின் கடமை.

ஆகவே முதலில் நம் குறை எத்தகையது என்று பிரித்தறிய வேண்டும்.

ஒன்று: பொய்க் கணக்கு எழுது, எடையைக் குறை என்று ஹராமை ஏவினால் அதற்குக் கீழ்ப்படிதல் கூடாது. அதில்லாமல் அங்கே வேலையில்லை என்றால் விலகுவதே வழி.

இரண்டு: உரிய கூலி மறுக்கப்பட்டால் கேட்டுப் பெறுவது நம் உரிமை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் அறிவிப்பதாக புகாரியில் ஹதீஸ் உண்டு. உரிமையைக் கேட்பது ஸப்ருக்கு முரணன்று.

மூன்று: நிர்வாகத் திறமைக்குறைவும் முன்கோபமும் மட்டுமே என்றால், பொறுத்திருப்பதும் ஆகும், முறைப்படி முன்னறிவித்து விலகுவதும் ஆகும்.

ஆனால் இருக்கும் நாள்வரை வேலை அமானத். "அவர் ஒழுங்கில்லை, நாமும் ஏன் ஒழுங்காயிருக்க வேண்டும்?" என்று நேரத்தைத் திருடுவது நம் ரிஜ்கையே கறைப்படுத்தும். மனைவி மக்களின் ஜீவனாம்சம் நம்மீது வாஜிப் என்பதால், கோபத்தில் உதறாமல் வேறிடம் பார்த்துக்கொள்வதே விவேகம்.

பிறகு அனுபவசாலிகளிடம் மஷ்வரா செய்து, 2 ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள். குர்ஆனின் சூராவைக் கற்பிப்பதுபோல் நபி (ஸல்) அவர்கள் இதைக் கற்பித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கனவு வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் திருப்பிவிடு என்பதே அந்த துஆவின் கருத்து. கேட்டபின் முயற்சியில் இறங்குங்கள். எந்தக் கதவு திறந்தாலும் பொருந்திக்கொள்ளுங்கள்.

ரிஜ்கு அளிப்பவன் முதலாளியல்லன், அல்லாஹ்வே. ஹலாலான ரிஜ்கையும் நிம்மதியையும் அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.