அத்தை மகனை விட்டுவிடுங்கள்

"சொந்தத்துல கட்டினாங்க இல்ல, அதான்."

புரோஜீரியா என்ற அரிய மரபணு நோய் வந்த ஏதோ ஒரு குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பும் கூடவே வருகிறது. படிக்காதவர்கள் சொன்னால் பரவாயில்லை. படித்தவர்கள் சொல்கிறார்கள், டாக்டர்களே சிலர் சொல்கிறார்கள். மரபணு நோய்ப் பிரிவில் முதல் வேலை குடும்ப வரைபடம் போடுவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தம்பதியைச் சேர்க்க ஒரு கோடு. சொந்தத்தில் மணந்தவர்களுக்கு மட்டும் இரட்டைக் கோடு. அந்த இரண்டாவது கோட்டை இழுத்ததுமே கூட வந்த பெரியம்மா நிமிர்ந்து உட்காருவார், "பாத்தீங்களா" என்று.

ஒன்றும் பார்க்கவில்லை அம்மா. கொஞ்சம் கேளுங்கள்.

புரோஜீரியா குழந்தை பிறக்கும்போது மற்ற குழந்தைகள் போலவேதான் இருக்கும். ஓரிரு ஆண்டுகளுக்குள் எடை ஏறாமல் நின்றுவிடும். முடி கொட்டும், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரையும், மண்டையில் ரத்தக்குழாய் புடைத்துத் தெரியும். இத்தனைக்கும் காரணம் எல்எம்என்ஏ என்ற ஜீனில் 1824ஆவது இடத்தில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்து உட்கார்ந்ததுதான். 2003இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் காலின்ஸின் குழுவும் பிரான்சில் நிக்கோலா லெவியின் குழுவும் இதைக் கண்டுபிடித்தன. விசித்திரம் என்னவென்றால், இந்த மாற்றத்தால் அந்த இடத்து அமினோ அமிலம்கூட மாறுவதில்லை. முன்பும் கிளைசின், பின்பும் கிளைசின். ஆனால் செல் அந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தப்பாகப் புரிந்துகொள்கிறது. விளைவு, 50 அமினோ அமிலங்கள் குறைந்த புரோஜெரின் என்ற புரதம். அது உட்கருவின் உறையில் ஒட்டிக்கொண்டு விலகாமல் அதன் வடிவத்தையே கெடுக்கிறது.

சொந்தக் கல்யாணம் எப்போது ஆபத்து? ஒரே பழுது அப்பாவிடமும் அம்மாவிடமும் வெளியே தெரியாமல் இருந்து, இரண்டும் ஒரே குழந்தையிடம் சேரும்போது. தாலசீமியா அப்படித்தான் வருகிறது. புரோஜீரியாவுக்கோ ஒரே ஒரு பழுது போதும். அதுவும் பொதுவாகப் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. பெரும்பாலும் விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாக விழுந்த பிழை. எந்த வழியில் வந்தது என்று பார்க்க முடிந்த குடும்பங்களில் பெரும்பாலும் அப்பா வழிப் பிரதியில்தான் அது இருந்திருக்கிறது. மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்கள் கவனிக்கவும். உடனே மகன் மேல் பாயவும் வேண்டாம். அவரும் எதையும் செய்துவிடவில்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. சுமார் 40 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு இந்நோய் வருகிறது. உறவில் மணப்பதே அரிதான நாடுகளிலும் வருகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணமாவது சொந்தத்தில்தான் நடக்கிறது. அத்தை மகன்தான் காரணம் என்றால் தாலுகாவுக்கு நாலு குழந்தையாவது இருக்க வேண்டாமா?

விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. இதே ஜீனின் இரு பிரதிகளிலும் வேறு இடத்தில் பழுது வந்தால் இதைப் போன்ற அரிய நோய்கள் வரலாம். அங்கே உறவுக்குப் பங்கு உண்டு. எந்த வகை என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், பெரியம்மா சொல்ல வேண்டாம்.

மற்ற கட்டுக்கதைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்பது பேத்தல். ஒட்டிக்கொள்ளாது, பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். 'குழந்தை உடம்பில் கிழவர்' என்பதும் பொய். முதுமையின் கண்புரையோ மறதி நோயோ இவர்களுக்கு வருவதில்லை. ரத்தக்குழாய்தான் முதியவர்களுடையதைப் போல இறுகுகிறது. பதின்வயதில் மாரடைப்போ பக்கவாதமோ வருவது அதனால்தான். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. பால்கி இயக்கி, இளையராஜா இசையமைத்த 'பா' (2009) படத்தில் அமிதாப் நடித்த சிறுவன் பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்குவான். சினிமா அந்த விஷயத்தில் சரியாகவே சொன்னது.

மருந்தே இல்லை என்பதும் பழைய செய்தி. புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட லோனாபார்னிப் மருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து இல்லாமல் சராசரி ஆயுள் சுமார் பதினாலரை ஆண்டு. மருந்து அதைச் சராசரியாக இரண்டரை ஆண்டு நீட்டுகிறது. அது குணமல்ல. குணமாக்குகிறேன் என்று லேகியம் விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புரோஜீரியா குழந்தையின் பெற்றோருக்கு உண்மையில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "அடுத்த குழந்தை பெத்துக்கலாமா?" பெறலாம். பெற்றோரில் ஒருவரின் சில செல்களில் மட்டும் பிழை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் 2 முதல் 3 சதவீத அபாயத்தைச் சொல்வார்கள். கர்ப்பத்திலேயே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. இதை அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்க ஒரு மரபணு ஆலோசகர் வேண்டும். நான் போகும் கூட்டங்களில் எல்லாம் கத்துகிறேன்: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அந்தப் பதவியை உருவாக்குங்கள். ஸ்கேன் மெஷினுக்குக் கிடைக்கும் பணம் ஒரு நாற்காலிக்கும் ஒரு சம்பளத்துக்கும் கிடைக்காதா? ஆலோசகர் இல்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பெரியம்மாதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.