மலை ரோட்டில் சைக்கிள்: சமதரையில் பழகியவர்களுக்கு ஒரு பாடம்

கொழும்பு, புத்தளம் என்று வேலைக்குப் போய், அங்கே சைக்கிள் பழகிய நம் பிள்ளைகள் பலர் உண்டு. தோட்டத்துக்கு வந்ததும் அங்கே ஓட்டிய மாதிரியே இங்கேயும் ஓட்டப் பார்க்கிறார்கள். கொழும்பு கடலை ஒட்டிய ஊர். நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். ரோட்டின் குணம் வேறு. ஆகவே ஓட்டும் முறையும் மாற வேண்டும்.

ஏத்தம்

ஏத்தத்தில் நம் உடம்பு, சைக்கிள், பின்னால் கட்டிய அரிசி மூட்டை எல்லாவற்றையும் நாம் மேலே தூக்குகிறோம். 100 மீற்றர் ரோட்டுக்கு 10 மீற்றர் உயர்ந்தால், அத்தனை பாரத்தோடும் மூன்று மாடி ஏறியதற்குச் சமம். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

சைக்கிளின் பல்லை எண்ணிப் பாருங்கள். கியர் இல்லாத பெரிய சைக்கிளில் பெடல் பக்கம் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், ஒரு சுற்று மிதிக்க 28 அங்குலச் சில்லு சுமார் 5.4 மீற்றர் ஓடும். சமதரைக்கு அது நல்லது, ஏத்தத்துக்குக் கஷ்டம். கியர் சைக்கிளில் முன்னுக்கு 28, பின்னுக்கு 28 போட்டால், 26 அங்குலச் சில்லு ஒரு மிதிக்குச் சுமார் 2 மீற்றர்தான் போகும். தூரம் குறையும், காலுக்குப் பாரமும் குறையும்.

கியரை ஏத்தம் தொடங்க முன்னமே மாற்றுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்று விடும். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வார்த்தை பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச முடியவில்லையா? மெதுவாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறக்கம்

ஏத்தம் களைப்பைத்தான் தரும். ஆபத்து இருப்பது இறக்கத்தில். வேகம் இரண்டு மடங்கானால், நிற்பாட்டப் பிரேக்குக்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மழையில் இரும்பு றிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. மூட்டையோ பிள்ளையோ பின்னால் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே:

1. இறங்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்து, சைக்கிளை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சில்லு உருண்டால் ஏற வேண்டாம்.

2. தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். வேகம் ஏறிய பிறகு பிடிப்பது பிந்திய வேலை.

3. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும்.

4. வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் இறுக்கிப் பிடித்தால் சில்லு வழுக்கும். சரளைக்கல் ரோட்டில் நேரே கானுக்குள்தான்.

5. எப்போதும் இடது பக்கம். எதிரே பஸ் வருவது வளைவில் தெரியாது. மிஸ்ட் நேரத்தில் லைட்டும் வெளிர் நிறச் சட்டையும் அவசியம்.

பிரேக் கட்டை தேய்ந்தால் "அடுத்த சம்பளத்துக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப் போட வேண்டாம். கட்டைக்குப் போகும் காசு கொஞ்சம். கை முறிந்தால் எத்தனை நாளைக்குப் பேர் இல்லாமல் போகும், வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து சைக்கிளின் பல்லை எண்ணுங்கள், கட்டையைப் பாருங்கள். பிறகு சின்ன ஏத்தம், சின்ன இறக்கம் என்று பழகுங்கள். பெரிய மலை எங்கேயும் போய்விடாது.