சிவப்பா இருந்ததால ஜெயிச்ச மருந்து

இந்த வார எபிசோடுல பேசும்போது, "ரெண்டு எண்ணை ஒரே எண்ணா மாத்தி ஒரு தடவை நல்லா மாட்டிக்கிட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டேன். அதைப் பத்தி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. கதை புரியணும்னா கொஞ்சம் உயிர்வேதியியல் வேணும். நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சவன், பத்தாம் வகுப்போட பயாலஜிக்குக் கும்பிடு போட்டவன். எனக்கே புரிஞ்சுதுன்னா உங்களுக்கும் புரியும்.

வீடு மாறும்போது எதைத் தூக்கிப் போடறது, எதை வெச்சுக்கறதுன்னு யார் முடிவு பண்ணுவாங்க? எங்க வீட்டுல அம்மா. அவங்க சீட்டு ஒட்டினாத்தான் பொருள் குப்பைக்குப் போகும். நம்ம செல்லுக்குள்ள அந்தச் சீட்டோட பேர் யுபிக்விட்டின். 76 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் புரதம். ஒரு புரதத்து மேல இது சங்கிலியா ஒட்டினா, பெரும்பாலும் புரோட்டியசோம்ங்கிற இயந்திரம் அதை அரைச்சுத் தள்ளிடும். இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2004-ல் ஆரன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூணு பேருக்கும் வேதியியல் நோபல் கிடைச்சது.

சீட்டு ஒட்டறது மூணு கை மாறி நடக்குது. ஈ1 நொதி ஏடிபியைச் செலவழிச்சு யுபிக்விட்டினைப் பிடிக்கும், ஈ2 அதை வாங்கிக்கும், ஈ3 அதைச் சரியான புரதத்து மேல ஒட்ட வைக்கும். ஈ3-தான் யுபிக்விட்டின் லைகேஸ், அதாவது நம்ம அம்மா. மனித உடம்புல ஈ1 ரெண்டே ரெண்டு, ஈ2 சில பத்து, ஈ3 மட்டும் 600-க்கு மேல. எந்தப் புரதம் சாகணும்னு தேர்ந்தெடுக்கறது இதுங்கதான், அதனாலதான் மருந்து தேடறவங்க எல்லாரும் இது பின்னாடி ஓடறாங்க.

சரி, ஒரு ஈ3 வேலை செய்யுதா இல்லையான்னு எப்படி அளக்கறது? பழைய வழி, ஜெல்லில் ஓட்டிப் பார்க்கறது. அழகான ஏணிப்படி மாதிரி தெரியும், ஆனா முழு நாளும் போயிடும். 384 குழி உள்ள தட்டுல ஆயிரக்கணக்கான வேதிப்பொருளைச் சோதிக்க அது ஆகாது. அங்கதான் ஒளிர்வு வருது.

நான் வேலை பார்த்த இடத்துல பயன்படுத்தின முறை இது. பல ஈ3-க்குத் தன் மேலயே சீட்டு ஒட்டிக்கிற பழக்கம் உண்டு. ஈ3-யோட டெர்பியம் கட்டின ஒரு ஆன்டிபாடியை இணைப்பாங்க. யுபிக்விட்டின் மேல ஃப்ளூரசீன்ங்கிற சாயத்தை ஏத்துவாங்க. 340 நானோமீட்டர் ஒளியை அடிச்சா டெர்பியம் 495-ல் ஒளிரும். பக்கத்துலயே ஃப்ளூரசீன் இருந்தா, டெர்பியம் தன் ஆற்றல்ல ஒரு பங்கை அதுக்குக் கைமாத்திவிடும், அது 520-ல் ஒளிரும். இந்தக் கைமாத்து தூரத்தோட ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. பாதி ஆற்றல் கைமாறுற தூரத்தை இருமடங்காக்கினா, கைமாறறது 65-ல் ஒரு பங்கா விழுந்துடும். அதனால கரைசல்ல சும்மா மிதக்கிற ஃப்ளூரசீன் கணக்கிலேயே வராது, ஒட்டிக்கிட்டது மட்டும்தான் வரும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது காத்திருக்கிற தந்திரம். பிளாஸ்டிக் தட்டு, சோதிக்கிற வேதிப்பொருள் எல்லாமே கொஞ்சம் ஒளிரும், ஆனா பெரும்பாலும் நானோ செகண்டுகள்ல அணைஞ்சுடும். டெர்பியம் மில்லி செகண்ட் கணக்குல மினுங்கும். அதனால ஒளி அடிச்சிட்டு 100 மைக்ரோ செகண்ட் சும்மா இருந்துட்டு அப்புறம் படிச்சா, சந்தடி எல்லாம் அடங்கியிருக்கும்.

கடைசியில 520-ஐ 495-ஆல் வகுப்பாங்க. விகிதம் உயர்ந்தா ஈ3 வேலை செய்யுது, விழுந்தா ஏதோ தடுக்குது. குழிக்குக் குழி திரவம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் வகுக்கும்போது அடிபட்டுப் போயிடும். நல்ல விஷயம்தானே? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. கருவி கொடுத்த கோப்பை வாங்கி, விகிதத்தை மட்டும் சேமிக்கற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். மூலக் கோப்புகளைக் கருவியோட கம்ப்யூட்டர் மாசம் ஒரு தடவை தானா அழிக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலை. நானும் கேட்கலை.

ஒரு வேதிப்பொருள் பட்டியல்ல முதலிடம் பிடிச்சது. ரெண்டு வாரம் அது பின்னாடியே அலைஞ்ச ஆய்வாளர் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "495 எண் எங்கே?"ன்னு கேட்டாங்க. கையில இருந்த சின்னக் குப்பியைக் காட்டினாங்க. உள்ள செக்கச் செவேல்னு திரவம்.

சிவப்பாத் தெரியுதுன்னா அது பச்சை ஒளியை விழுங்குதுன்னு அர்த்தம். 520-ங்கிறது பச்சை. நிஜமான தடுப்பானா இருந்தா கைமாத்து குறையும், 520 விழும், ஆனா ஆற்றல் மிச்சமாகறதால 495 லேசா ஏறும். நிறம் மட்டும்தான் காரணம்னா ரெண்டுமே விழும், 520 கூடுதலா விழும். விகிதத்தை மட்டும் பார்க்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தட்டுகளை எல்லாம் திரும்ப ஓட்ட வேண்டியதாச்சு. அந்த வாரம் கேன்டீன் பக்கமே நான் போகலை.

மறுபடி ஓட்டும்போது அவங்க ரெண்டு சோதனையைச் சேர்த்தாங்க. ஒண்ணு, வினை முடிஞ்ச பிறகு வேதிப்பொருளைக் கலக்கறது. ஒட்டின சங்கிலியைத் தடுப்பான் அவிழ்க்காது, அப்பவும் விகிதம் விழுந்தா அது ஒளி சம்பந்தப்பட்ட ஏமாத்து. நம்ம சிவப்புக் குப்பி இதுலயே தோத்துடுச்சு. இன்னொண்ணு, அதே ஈ1, ஈ2-வோட வேற ஒரு ஈ3-யைப் போடறது. அதுவும் நின்னா, அடி விழுந்தது அனேகமா ஈ3-க்கு இல்லை, மேல இருக்கிற யாருக்கோ.

இதையெல்லாம் தாண்டியும் ஒரு ஓட்டை உண்டு. எம்டிஎம்2-ங்கிற ஈ3, புற்றுநோயைத் தடுக்கிற பி53 புரதத்து மேல சீட்டு ஒட்டும். 2004-ல் வெளிவந்த நட்லின்ங்கிற பொருள் அவங்க ரெண்டு பேரையும் சேரவிடாம நடுவுல உட்கார்ந்துக்கும். எம்டிஎம்2-வோட ஒட்டற வேலையை அது நிறுத்தறதில்லை. எங்க மாதிரி, ஈ3 தன் மேல ஒட்டிக்கறதை மட்டும் அளக்கற சோதனையில போட்டிருந்தா, "பயனில்லை"ன்னு நட்லினை ஓரங்கட்டியிருப்போம்.

இப்ப என் டேபிள்ல 495, 520 ரெண்டும் தனித்தனியா இருக்கு. விகிதத்தைக் கேட்கும்போது மட்டும் கணக்குப் போடறேன். ஆர்வம் இருக்கறவங்க பைத்தான்ல 384 குழிக்குப் போலி டேட்டா செஞ்சு, அதுல நாலு நிஜத் தடுப்பானையும் நாலு சிவப்புக் குப்பியையும் ஒளிச்சு வெச்சு, விகிதத்தை மட்டும் நண்பர்கிட்ட கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க. அடுத்த நாள் ரெண்டு எண்ணையும் கொடுங்க.